மின்தந்தியும் ஒரு வைத்தியரும்

ஓசூர்ப் பக்கத்துக் குடியானவர் காய்கறியை வண்டியேற்றுமுன்பே பெங்களூரில் அன்றைய விலை யாதென்று கைபேசியிற் கேட்டறிகிறார். சரக்கிற்கு முன்னே செய்தி வந்து சேர்வது எத்துணை லாபம் என்பதை அவருக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. மாட்டின் காலையும் தபாற்காரன் காலையும் நம்பியிருந்த செய்தி, நம் தேசத்தில் தனியே ஓடத் தொடங்கியது மின்தந்தியினால். அதனை இங்கு முதன்முதல் நாட்டியவர் எஞ்சினீயர் அல்லர்; வைத்தியர்.

அயர்லாந்தில் பிறந்த வில்லியம் புரூக் ஓஷாக்னெஸ்ஸி, வாந்திபேதி கண்டவர்களின் இரத்தத்தில் நீரும் உப்பும் குறைகின்றன என்பதை 1831-32இல் ஆராய்ந்து காட்டியவர். 1833இல் கம்பெனி உத்தியோகத்தில் கல்கத்தா வந்து, மெடிக்கல் காலேஜில் ரசாயனம் போதித்தார். 1839இல் அந்நகரின் தாவரத் தோட்டத்தருகே மூங்கில்களை நட்டு, பல மைல் நீள இரும்புக் கம்பியை இழுத்துக் கட்டி மின்சாரம் செலுத்தினார். இரு முனையிலும் ஒரே சீராக ஓடும் கடிகாரங்கள் இருந்தன. விரலில் மின்னதிர்ச்சி தாக்கும் தருணத்தில் முள் எங்கு நிற்கிறதோ, அதைக்கொண்டு செய்தி அறியப்பட்டது. இங்கிலாந்தில் குக், வீட்ஸ்டன் என்போர் 1837லேயே தந்திக்குக் காப்புரிமை பெற்றிருந்தனர்; அமெரிக்காவில் மோர்ஸ் தமது புகழ்பெற்ற தந்தியை அனுப்பியது 1844இல். ஆயினும் சர்க்கார் பத்தாண்டுக்கு மேல் ஓஷாக்னெஸ்ஸியின் முயற்சியைக் கவனிக்கவில்லை.

டல்ஹௌஸி பிரபு கவர்னர் ஜெனரலாயிருந்தபோதே அநுமதி கிடைத்தது. 1851இல் கல்கத்தாவுக்கும் டயமண்ட் ஹார்பருக்கும் இடையே தந்தி ஓடிற்று. ஐரோப்பாவின் மெல்லிய கம்பி இவ்விடத்துக்கு உதவாதென்று கண்டு, ஓஷாக்னெஸ்ஸி தடித்த இரும்புக் கழிகளையே உபயோகித்தார். காக்கையும் பருந்தும் கூட்டமாய் உட்கார்ந்தாலும், குரங்குகள் தொங்கினாலும் அவை அறுபடா. அவருடைய பெருமை புதிதாய்க் கண்டுபிடித்ததில் அன்று, இவ்வாறு நாட்டுக்குத் தக்கபடி அமைத்ததிலேயே இருக்கிறது.

1854 மார்ச்சில் கல்கத்தாவிலிருந்து ஆக்ரா வரை சுமார் 800 மைல் தந்தி எட்டியது. பம்பாய்-சென்னை மார்க்கம் பெங்களூர் வழியாய்ச் சென்றது. மரக்கம்பம் கறையானுக்கு இரையாகும் தேசமாதலால், சென்னைப் பகுதியில் கருங்கல் தூண்களையே நாட்டினார்கள். கிருஷ்ணகிரியில் கல் உடைப்போருக்கு அதன் பொருத்தம் விளங்கும். 1855 பிப்ரவரியில் பொதுஜனங்களும் தந்தியடிக்கலாயிற்று. 16 சொற்களுக்கு, 400 மைல் வரை, கட்டணம் ஒரு ரூபாய். அந்நாளைய ஏழைக் குடியானவருக்கு அது எட்டாத தொகை; வியாபாரிகளே முதலிற் பயனடைந்தனர். 2013 ஜூலையில் அச்சேவை நிறுத்தப்பட்டது.

ஓஷாக்னெஸ்ஸியின் உதவியாளராயிருந்த சிவசந்திர நந்தி என்ற வங்காளியின் பெயரைப் பலர் கேட்டிரார். கல்கத்தா நாணயசாலையில் வேலைபார்த்துத் தொழில் பயின்ற இவர், டயமண்ட் ஹார்பர் சோதனையில் தந்தியடித்தவர். பின்னர்ப் பத்மா நதியின் குறுக்கே கேபிள் போடவேண்டியிருந்தபோது, பெரிய கப்பலை அமர்த்தாமல், மீன்பிடிப்போரின் படகுகளைக்கொண்டே அதை இறக்கி முடித்தார்.