உங்க பேர்ல இன்னொருத்தர்!

நத்தம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல ஒரு ஜெராக்ஸ் கடை. திண்டுக்கல் பஸ் கிளம்பப் போகுது. அவசர அவசரமா ஆதார் காப்பியை வாங்கிட்டு ஓடுறீங்க. சரியா விழாத இன்னொரு காப்பி கடையிலேயே கிடக்குது. அது எங்கே போகும்னு யோசிச்சிருக்கீங்களா பாஸ்?

2020 கொரோனா சமயத்துல, வேலை இழந்தவங்களுக்கு அமெரிக்க அரசு உதவித்தொகை கொடுத்துச்சு. உடனே களமிறங்கினாங்க திருடர்கள். அடுத்தவங்க பேரையும் நம்பரையும் சுட்டு, மனு போட்டுப் பணத்தை அள்ளினாங்க. வேலையில இருந்த பலருக்கு, 'உங்க மனு கிடைத்தது'னு லெட்டர் வந்த பிறகுதான் விஷயமே தெரியும்! மொத்த மோசடி 10,000 கோடியிலிருந்து 13,500 கோடி டாலர் வரை இருக்கலாம்னு 2023-ல அந்நாட்டுத் தணிக்கை அமைப்பு மதிப்பிட்டுச்சு.

'அது அமெரிக்கா'னு சொல்றீங்களா? அதே 2020-ல நம்ம தமிழ்நாட்டுல வெடிச்சது பி.எம். கிசான் மோசடி. விவசாயிகளுக்கு வருஷம் 6,000 ரூபாய் தர்ற திட்டம் அது. அதிகாரிகளோட பாஸ்வேர்டைப் பயன்படுத்தி, தகுதியே இல்லாத லட்சக்கணக்கானவங்களைப் புரோக்கர்கள் பட்டியல்ல சேர்த்துட்டாங்க. சுமார் 110 கோடி ரூபாய் போச்சு. சி.பி.சி.ஐ.டி. விசாரணை வந்துச்சு. கொடுத்த பணத்தை அந்தந்த அக்கவுன்ட்டிலிருந்தே அரசு திரும்ப எடுத்துச்சு. கமிஷன் புரோக்கருக்கு, பதில் சொல்ல வேண்டியது அக்கவுன்ட்காரர்!

உங்க பேர்ல இப்படி நடந்தா?

* தெரியாத பணம் வந்தா செலவு பண்ணாதீங்க. பேங்க்ல எழுத்து மூலமா சொல்லி, ஒப்புகை வாங்குங்க.

* எந்தத் திட்டத்துல உங்க பேர் இருக்கோ, அந்த ஆபீஸுக்கும் 'நான் மனு போடலை'னு கடிதம் கொடுங்க.

* பணம் பறிபோயிருந்தா உடனே 1930-க்கு போன். தேசிய சைபர் க்ரைம் போர்ட்டல்லயும் புகார் பண்ணலாம். புகார் நம்பரைப் பத்திரமா வைங்க. அடையாளத் திருட்டுக்கு தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவுல 3 வருஷம் வரை ஜெயில் உண்டு.

* ஆதார் கைரேகையை 'லாக்' பண்ணுங்க. கடைசி 4 எண் மட்டும் தெரியற 'மாஸ்க்டு ஆதார்' செல்லுபடியாகுற இடத்துல அதையே கொடுங்க.

* உங்க பேர்ல எத்தனை சிம் இருக்குன்னு 'சஞ்சார் சாத்தி'யில பாருங்க.

முக்கியமா, 'அக்கவுன்ட்டை மட்டும் கொடு மச்சி, மாசம் 2,000 தர்றேன்'னு யாராவது வந்தா நோ சொல்லுங்க. 'தெரியாம கொடுத்துட்டேன் சார்'னு ஸ்டேஷன்ல நிக்கறப்போ, அந்த மச்சி பக்கத்துல இருக்க மாட்டான்.

வீட்டுல திட்டுவாங்கன்னு பயந்து மறைக்காதீங்க. திருடுனவன்தான் வெட்கப்படணும், நீங்க இல்லை. அப்புறம்... அந்த ஜெராக்ஸ் கடையில விட்ட காப்பி? நாளைக்கே போய்க் கேட்டு வாங்கி, கிழிச்சுப் போடுங்க!