தனித் தட்டு

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். மூன்று ஆண்டுகளுக்கு முன் அப்பாவுக்குக் காசநோய் கண்டபோது, அக்கம்பக்கத்தார் சொற்படி அம்மா அவருக்குத் தனித் தட்டும் தம்ளரும் வைத்தார். அது வீண் காவல் என்பதை இங்கு வந்து படித்த பிறகே அறிந்தேன்.

1882-இல் இராபர்ட் காக் கண்டறிந்த காசநோய்க் கிருமி பாத்திரங்கள் வழியே பரவுவதில்லை. நுரையீரல் காசநோயாளி இருமும்போது தெறிக்கும் நுண்துளிகள் காற்றோட்டமற்ற அறையில் மணிக்கணக்கில் மிதக்கும். அவற்றைச் சுவாசிப்பவருக்கே தொற்றும். தொற்றியவர் எல்லோரும் நோயாளியாவதில்லை. உடலின் எதிர்ப்பாற்றல் கிருமியை அடக்கி வைக்கிறது. வாழ்நாளில் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்கே அது நோயாக முற்றுகிறது. ஊட்டக்குறைவும் நீரிழிவும் உள்ளவர்களுக்கு ஆபத்து மிகுதி.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு ஆகியன அறிகுறிகள். சளிக்குச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் கிருமி சிவப்புக் கோல்களாகத் தெரியும். கிருமி குறைவாயின் தெரியாமலும் போகலாம். மூலக்கூறுச் சோதனையோ சுமார் இரண்டு மணி நேரத்தில் விடை தரும்.

வீட்டிலிருந்தே மருந்துண்டு குணமாகலாம் என்பதை 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு மெய்ப்பித்தது. அப்பாவும் ஆறு மாதம் மாத்திரை உண்டு குணமடைந்தார். தட்டு மட்டும் தனியாகவே இருந்தது. சென்ற பொங்கலன்று அந்தத் தட்டில் நான் உண்டேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நண்பர்களே! வீட்டில் எவரேனும் இரண்டு வாரம் இருமினால் தட்டைப் பிரிக்காதீர்கள். சன்னலைத் திறந்து வையுங்கள். சளிப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.