உங்களுக்குத் தெரியுமா? உவரி அந்தோணியாரின் சபை!

உவரி அந்தோணியார் எந்தச் சபைத் துறவி தெரியுமா? அசிசி பிரான்சிஸ் 1209-ல் தொடங்கிய பிரான்சிஸ்கன் சபை! எண்ணூறு வயதைத் தாண்டியும் உயிரோடு இருக்கும் சபை!

அதைத் தொடங்கியவர் பணக்காரத் துணி வியாபாரியின் மகன்! கடைசிவரை குருப்பட்டமே பெறாதவர்!

போப்பிடம் அனுமதி கேட்க அவரோடு ரோமுக்குப் போனவர்கள் வெறும் 11 பேர். 1221-ல் அசிசியில் கூடியவர்களோ 5,000 பேர் என்கிறது சபை மரபு! தங்க இடமில்லை. பாய்த் தட்டி கட்டிப் படுத்தார்கள்!

அந்தக் கூட்டத்தில் ஒரு புது முகம். நம் அந்தோணியார்!

அவருடைய இயற்பெயர் என்ன தெரியுமா? பெர்னாண்டோ! ஊர் லிஸ்பன், பிறப்பு 1195. மணப்பாடு, உவரி, தூத்துக்குடிப் பக்கம் பெர்னாண்டோ இல்லாத தெரு உண்டா?

முதலில் அவர் வேறு சபையில் இருந்தவர்! 1220-ல் மொராக்கோவில் 5 பிரான்சிஸ்கன் துறவிகள் கொல்லப்பட்டார்கள். அவர்களின் உடல்கள் போர்ச்சுகலுக்கு வந்து சேர்ந்தன. பார்த்தார் பெர்னாண்டோ. அதே ஆண்டு சபை மாறினார், பெயரையும் மாற்றிக்கொண்டார்!

1231 ஜூன் 13-ல் இறந்தார். அடக்கம் நடந்தது ஜூன் 17. என்ன கிழமை? செவ்வாய்! புளியம்பட்டி, உவரி அந்தோணியார் கோயில்களில் செவ்வாய்தோறும் கூட்டம் அலைமோதுகிறதே, காரணம் புரிகிறதா?

புனிதர் பட்டத்துக்குச் சிலர் நூற்றாண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அந்தோணியார் காத்திருந்தது 352 நாள்!

இறந்து 32 ஆண்டு கழித்துக் கல்லறையைத் திறந்தால் உடல் மண்ணாகியிருந்தது. நாக்கு மட்டும் அப்படியே! இன்றும் பதுவை நகரில் அந்த நாக்கைப் பார்க்கலாம். பிரசங்கத்தால் ஊர்களைக் கட்டிப்போட்டவர் அல்லவா!

பதுவையில் ஒரு குழந்தை தண்ணீரில் மூழ்கியது. பிள்ளை பிழைத்தால் எடைக்கு எடை தானியம் ஏழைகளுக்குத் தருவதாக நேர்ந்துகொண்டாள் தாய். பிள்ளை பிழைத்தது என்கிறது மரபு! துலாபாரம் இத்தாலியிலும்! இங்கே புளியம்பட்டியில் நேர்ச்சை வைத்தவர்கள் அசனம் போடுகிறார்கள். அண்டா அண்டாவாகச் சோறு, வந்தவர்க்கெல்லாம் இலை. சாதி கேட்பதில்லை, மதம் கேட்பதில்லை. இதைவிடப் பெரிய அற்புதம் வேண்டுமா!

சரி, உவரிக்கு அவர் வந்தது எப்படி? போர்த்துக்கீசியக் கப்பலில் காலரா! கப்பல் தச்சர் அந்தோணியார் சிலையைச் செதுக்கினார், நோய் நின்றது, சிலை உவரிக் கரையில் இறங்கியது. ஊரே சொல்லும் வரலாறு இது! திருவிழா 13 நாள்!

கிறிஸ்துமஸுக்கு வீட்டில் குடில் வைக்கிறீர்களா? அதுவும் பிரான்சிஸ் கொடுத்ததே! 1223-ல் கிரெச்சோ ஊரில் அமைத்தார். பொம்மையே இல்லை. வைக்கோல், நிஜ மாடு, நிஜ கழுதை!

தமிழ்க் கரைக்குச் சவேரியார் வந்தது 1542. அதற்கு 250 ஆண்டு முன்பே ஒரு பிரான்சிஸ்கன் தமிழ் மண்ணை மிதித்துவிட்டார்! மோந்தேகொர்வினோ யோவான். 1291 வாக்கில் வந்து 13 மாதம் தங்கி, சுமார் 100 பேருக்குத் திருமுழுக்குக் கொடுத்தார். அப்போது இங்கே பாண்டியர் ஆட்சி! தாமிரபரணி முகத்துவாரத்துக் காயல் துறைமுகம் கொடிகட்டிப் பறந்த காலம்! அதையொட்டித்தான் மார்க்கோ போலோவும் இந்தப் பக்கம் கடந்துபோனார். யோவான் நிற்கவில்லை. சீனாவுக்கே போய் பெய்ஜிங்கின் முதல் பேராயர் ஆனார்!

கணக்குப்பிள்ளைகளே, உங்களுக்கும் ஒன்று! பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம் எழுதும் இரட்டைப் பதிவு முறையை முதன்முதலில் அச்சில் விளக்கியவர் லூக்கா பச்சோலி. ஆண்டு 1494. அவரும் பிரான்சிஸ்கன்! சொத்தே வேண்டாம் என்ற சபையிலிருந்து கணக்குப் பாடம்!

அடுத்த முறை அந்தோணியார் சிலை முன் நின்றால் இடுப்புக் கயிற்றை உற்றுப் பாருங்கள். சபை மரபுப்படி அதில் 3 முடிச்சு. ஏழ்மைக்கு ஒன்று, கற்புக்கு ஒன்று, கீழ்ப்படிதலுக்கு ஒன்று! எண்ணிப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளுக்கும் காட்டுங்கள்!