ஸ்கேனில் 'சாதாரணக் கட்டி'தான்... ஆனாலும் பயாப்ஸி ஏன்?

கடலூர், சிதம்பரம் பக்கம் வயல்வேலைக்குப் போகும் ஒரு பெண்ணுக்கு மார்பில் கட்டி. வலி இல்லை என்றால், 'அறுவடை முடியட்டும், பிள்ளைக்குப் பரீட்சை முடியட்டும்' என்று நாள் தள்ளிப்போகும். இளம்வயதில் அது பெரும்பாலும் ஃபைப்ரோஅடினோமா எனும் நார்க்கட்டிதான். ஆனால், சில மாதங்களிலேயே மளமளவென வளர்ந்தால், 'ஃபில்லாய்ட்ஸ்' கட்டியா என்று பார்த்தே ஆகவேண்டும்.

மார்பகக் கட்டிகளில் நூற்றில் ஒன்றுக்கும் குறைவாகவே இது வரும், அதிகமும் 40-களில். வெட்டிப் பார்த்தால் உள்ளே இலை இலையாக இருக்கும். அதனால்தான் 1838-ல் ஜெர்மனியின் யோஹன்னஸ் முல்லர், இலைக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து இந்தப் பெயரை வைத்தார்.

சிக்கல் என்னவென்றால், மேமோகிராமில் இரண்டுமே ஓரம் வழவழப்பான உருண்டையாகத்தான் தெரியும். அல்ட்ராசவுண்டில் கட்டிக்குள் நீர்க் கீற்றுகள் தென்பட்டால் சந்தேகம் வலுக்கும், அவ்வளவுதான். மெல்லிய ஊசியில் செல்களை உறிஞ்சி எடுக்கும் டெஸ்ட்டும் ஏமாற்றலாம். சற்றே தடித்த ஊசியால் சதைத் துணுக்கு எடுக்கும் 'கோர் பயாப்ஸி' அதைவிட நம்பகமானது. சிலருக்கு முழுக் கட்டியையும் எடுத்த பிறகே விடை தெரியும்.

நார்க்கட்டியை மட்டும் தோண்டி எடுத்தால் போதும். ஃபில்லாய்ட்ஸை, சுற்றியுள்ள நல்ல சதையோடு சேர்த்து எடுக்காவிட்டால் அதே இடத்தில் திரும்ப வரலாம். பெரும்பாலானவை புற்று அல்ல. புற்றாக இருப்பவை நுரையீரல் வரை பரவக்கூடும்.

அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பெயரில்தான் கடலூர். இருப்பது சிதம்பரம் அண்ணாமலை நகரில், 'ராஜா முத்தையா' என்றால் எல்லோருக்கும் தெரிந்த அதே இடம். எந்த மருத்துவமனைக்குப் போனாலும் பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டையும் எடுத்துச் செல்லுங்கள். ஆறு மாதத்துக்கு முன்பு 2 செ.மீ., இன்று 5 செ.மீ. என்ற அந்தக் கணக்குதான் டாக்டரை உஷார்படுத்தும்.