ஹைட்ரேஞ்சியா: பூ முடிந்த பிறகு கத்தியை எடுக்கலாமா?

குன்னூரில் நான் குடியிருக்கும் வீட்டு வாசலில் ஒரு பழைய ஹைட்ரேஞ்சியா புதர் உண்டு. போன வருடம் ஜனவரியில், எஸ்டேட்டில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பக்கத்து வீட்டு அண்ணன் ரோஜாவுக்குக் கவாத்து செய்ய வந்தார். "இதையும் ஒரு கை பாத்துடுறேன் தம்பி"ன்னு முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டார். நானும் தலையாட்டினேன். மே மாதம் ரோஜா கொட்டியது. ஹைட்ரேஞ்சியாவில் இலை மட்டும்தான்.

"ரோஜா சொன்ன பேச்சு கேக்குது, இது ஏன் கேக்கல?" என்றார். அதைத் தேடியதில் கிடைத்ததே இந்தக் குறிப்பு.

ரோஜா புதுத் தளிரில் பூக்கும். வெட்ட வெட்ட நல்லது. தேயிலையில் நமக்கு வேண்டியதே கொழுந்துதான். அதனால் நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை கட்டையாக வெட்டினாலும் நஷ்டமில்லை. நம் மலையில் நிறைய இருக்கும் பெரிய உருண்டைப்பூ ஹைட்ரேஞ்சியா வேறு ஜாதி. அது பெரும்பாலும் போன வருடக் கிளையில்தான் பூக்கும். நாள் குறுகி, வெப்பம் 18 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது கிளை நுனியில் அடுத்த வருட மொட்டு உள்ளுக்குள் உருவாகிவிடுகிறது. ஜனவரியில் நாங்கள் வெட்டி எறிந்தது அதைத்தான்.

அப்போ என்ன செய்யணும்?

பூ வாடியதும், அதற்குக் கீழே தடித்த மொட்டு ஜோடி தெரியும் இடத்துக்குச் சற்று மேலே வெட்டினால் போதும். அதையும் குளிர் தொடங்கும் முன்பே முடித்துவிட வேண்டும். ரொம்பப் பழைய, மெலிந்த கிளைகளை மட்டும் அடியோடு எடுக்கலாம்; மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. ஊட்டிப் பக்கம் உறைபனி விழுவதால், காய்ந்த பூவை அப்படியே விட்டுவிடுவது நல்லது. அது மொட்டுக்குக் குடை மாதிரி. பனிக்காலம் போனபின் எடுக்கலாம். பனி கடுமையான இரவுகளில் மேலே ஒரு சாக்கைப் போர்த்தலாம். வேரைச் சுற்றிச் சருகு மூடாக்கு போடுங்கள். யூரியாவை அள்ளிப் போட்டால் இலைதான் செழிக்கும்.

இன்னொன்று, நிறம். நீலகிரி மண் அமிலத்தன்மை கொண்டது. அப்படிப்பட்ட மண்ணில் அலுமினியம் கரைந்து வேருக்குக் கிடைக்கும், பூ நீலமாகும். சுண்ணாம்பு சேர்த்தால் அது வேருக்குக் கிடைக்காது. பூ இளஞ்சிவப்புக்கு மாறும். வெள்ளை ரகம் மட்டும் எதற்கும் மசியாது. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த வீடுகளில் ஒரே புதரில் இரண்டு நிறம் தெரிந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

இந்த ஜனவரியிலும் அண்ணன் கத்தியோடு வந்தார். ரோஜாவை முடித்துவிட்டு ஹைட்ரேஞ்சியா பக்கம் போனவர், ஒரு கிளை நுனியை விரலால் தடவிப் பார்த்தார். "உள்ள புள்ள இருக்கு தம்பி, விட்டுடுவோம்" என்று கத்தியை மடக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.