கணிப்பொறிகளுக்கு இடையே ஒரு பொதுமொழி



நான் வாழும் மணலியில், துறைமுகத்தை நோக்கிச் செல்லும் கன்டெய்னர் லாரிகளைக் காணாத நாளே இல்லை. அவை சுமந்து செல்லும் கொள்கலன்களைச் சற்றே உற்று நோக்குங்கள். ஒன்றனுள் தோல் பொருள்கள் இருக்கலாம்; மற்றொன்றனுள் இயந்திர உறுப்புகள் இருக்கலாம். ஏற்றிச் செல்லும் கப்பல் ஒரு நாட்டில் கட்டப்பட்டது. லாரி மற்றொரு நாட்டில் செய்யப்பட்டது. ஆயினும் பெட்டியின் நீளம் பெரும்பாலும் 20 அடி அல்லது 40 அடி. அதன் எட்டு மூலைகளிலும் ஒரே அளவான துளைகளையுடைய எஃகுக் கட்டிகள். இந்த மூலைகளைக் குறித்து உலக நாடுகள் உடன்பட்டிருப்பதால்தான், எவ்வூர்ப் பளுதூக்கியும் எந்நாட்டுப் பெட்டியையும் தூக்க முடிகிறது. கப்பலும் லாரியும் ஒரே வடிவினவாக மாற வேண்டியிருக்கவில்லை. ஒன்று மற்றொன்றைத் தொடும் இடத்தில் மட்டும் உடன்பாடு இருந்தால் போதுமானதாயிற்று.

கணிப்பொறிகளின் உலகிலும் இத்தகைய உடன்பாடு ஒன்று உண்டு. அதனைப் பற்றியே உங்களோடு பேச விரும்புகிறேன்.

ஒரு கல்லூரி ஆய்வகத்தை எண்ணிக்கொள்ளுங்கள். அங்கே சில கணிப்பொறிகளை விண்டோஸ் இயக்குகிறது. சிலவற்றை லினக்ஸ் இயக்குகிறது. ஆசிரியரின் மேசையில் ஒரு மாக் இருக்கிறது. நம் மாணவர்க்கு இந்த வேற்றுமை புதிதன்று. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007ஆம் ஆண்டில் வெளிவந்தது. தமிழக அரசு 2011 முதல் வழங்கிய மடிக்கணிப்பொறிகள் பலவற்றில் விண்டோசும் பாஸ் லினக்சும் ஒருங்கே இடம்பெற்றிருந்தன.

இந்த இயக்குதளங்கள் ஒவ்வொன்றும் தன் வட்டில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறை வேறு. விண்டோசின் முறைக்கு என்டிஎஃப்எஸ் என்று பெயர். லினக்சில் பெரும்பாலும் ஈஎக்ஸ்டி4. இன்றைய மாக்கில் ஏபிஎஃப்எஸ். அவ்வாறாயின், லினக்ஸ் வட்டில் உள்ள கோப்பை விண்டோஸ் எங்ஙனம் படிக்கிறது? உண்மையில் அது அந்த வட்டைப் படிப்பதே இல்லை, கேட்டுப் பெறுகிறது. கிடங்கிற்குச் சென்று பொருள் கேட்பவர் உள்ளே எந்தப் பரணில் அது இருக்கிறதென்று அறிய வேண்டுவதில்லை. வாயிலில் இருக்கும் எழுத்தரிடம் முறைப்படி கேட்டால், அவர் தம் வழக்கப்படி தேடி எடுத்துத் தருவார். அவ்வாறே, கோப்பு இருக்கும் கணிப்பொறி தன் வட்டைத் தானே படித்து, வலையமைப்பின் வழியே விடையனுப்புகிறது. கேட்கும் முறையும் விடை தரும் முறையுமே இருவர்க்கும் பொதுவாக இருத்தல் வேண்டும். அதற்கு நெறிமுறை என்று பெயர்.

இத்தகைய நெறிமுறைகளுள் இரண்டு புகழ் பெற்றவை. யூனிக்ஸ் கணிப்பொறிகளுக்காக சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1984இல் அளித்த என்எஃப்எஸ் ஒன்று. 1980களின் முற்பகுதியில் ஐபிஎம் நிறுவனத்தில் பாரி ஃபைகன்பாம் வகுத்து, பின்னர் மைக்ரோசாஃப்ட் ஏற்று வளர்த்த எஸ்எம்பி மற்றொன்று. விண்டோஸ் உலகெங்கும் பரவியபோது எஸ்எம்பியும் உடன் பரவியது. ஆனால் பிற இயக்குதளங்கள் அந்த மொழியைப் பேசுவது எளிதாக இருக்கவில்லை.

ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்னும் ஆராய்ச்சி மாணவர் இருந்தார். தம் மேசைக் கணிப்பொறியிலிருந்து யூனிக்ஸ் கணிப்பொறியின் கோப்புகளை அடைய வேண்டும் என்னும் விருப்பத்தால், 1991ஆம் ஆண்டின் இறுதியில் அவர் ஒரு முயற்சியைத் தொடங்கினார். கம்பியின் வழியே செல்லும் கேள்விகளையும் விடைகளையும் கூர்ந்து நோக்கி, இன்ன கேள்விக்கு இன்ன விடை என்று கண்டறிந்தார். காசிமேட்டு மீன் ஏலத்தை மொழியறியாத ஒருவர் பல நாள் நின்று கவனித்தால், எந்தக் குரலுக்கு விலை ஏறுகிறது, எந்தச் சைகைக்குக் கூடை கைமாறுகிறது என்று அறிந்துகொள்வார் அன்றோ? அதனை ஒத்தது இம்முயற்சி. அவர் எழுதிய நிரலே பின்னர் சாம்பா என்று பெயர் பெற்றது. எஸ், எம், பி என்னும் மூன்றெழுத்தும் அவ்வரிசையில் வரும் சொற்களை அகராதியில் தேடியபோது கிடைத்த பெயர் இது.

பார்த்துக் கற்கும் வழி நெடியது. நெறிமுறையின் விவரங்களைப் பிறர்க்கும் அளித்தல் வேண்டும் என்று ஐரோப்பிய ஆணையம் 2004ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்டுக்கு ஆணையிட்டது. 2007 செப்டம்பரில் நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. அவ்வாண்டு டிசம்பரில் 10,000 யூரோ கட்டணத்தில் அந்த ஆவணங்கள் சாம்பா குழுவினர்க்குக் கிடைக்க வழி ஏற்பட்டது. ஒரு மொழியின் இலக்கணம் ஒருவர் பெட்டியில் பூட்டப்பட்டிருக்குமாயின், அம்மொழியைப் பொதுமொழி என்று சொல்ல இயலாது.

இனிச் செய்முறைக்கு வருவோம். லினக்ஸ் கணிப்பொறியில் சாம்பாவை நிறுவி, எந்தக் கோப்புறையைப் பகிர்வது, யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்பதைக் குறிக்க வேண்டும். பின்னர், விண்டோசில் இரண்டு பின்சாய்ந்த கோடுகளை இட்டு, அந்தக் கணிப்பொறியின் பெயரையும், மற்றொரு பின்சாய்ந்த கோட்டை இட்டுக் கோப்புறையின் பெயரையும் எழுதினால் கதவு திறக்கும். மாக்கிலும் லினக்சிலும் எஸ்எம்பி என்னும் மூன்று ஆங்கில எழுத்துகள், ஒரு முக்காற்புள்ளி, இரண்டு முன்சாய்ந்த கோடுகள் ஆகியவற்றுடன் முகவரி தொடங்கும்.

கதவு திறந்த பின்னரும் பெயர்களால் சிறு சிக்கல்கள் நேரும். கேள்விக்குறியும் முக்காற்புள்ளியும் லினக்சில் கோப்பின் பெயரில் இடம்பெறலாம். விண்டோஸ் அவற்றை ஏற்காது. ஆங்கிலத்தின் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் லினக்ஸ் வேறாகக் கொள்ளும். விண்டோஸ் பொதுவாக ஒன்றாகவே கொள்ளும். தமிழில் அந்த வேறுபாடு இல்லை. ஆனால் நமக்கே உரிய மற்றொரு நுட்பம் உண்டு. ‘கொள்கலன்’ என்னும் சொல்லின் முதலெழுத்தை யூனிகோடு முறையில் இரு வகையாகப் பதியலாம்: ககரத்தை அடுத்து ஒகரக் குறியை ஒரே குறியீடாக வைக்கலாம், அல்லது ஒற்றைக் கொம்பு, கால் என இரு குறியீடுகளாகப் பிரித்து வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. மாக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் முறை பெயர்களைப் பிரித்தே சேமித்தது. அத்தகைய பெயர் மாறாமல் லினக்ஸ் வட்டை வந்தடைந்தால், ஒரே பெயருடைய இரு கோப்புகள் அருகருகே நிற்கக்கூடும். அல்லது கண்ணெதிரே உள்ள கோப்பு ‘இல்லை’ என்று விடை வரக்கூடும். இங்கும் குறை எழுத்தில் இல்லை. உடன்பாடு இன்மையில்தான் இருக்கிறது.

பொதுவாயில் நண்பர்க்கு மட்டும் திறப்பதன்று என்பதையும் மறவாதீர்கள். 2017 ஜூன் 27 அன்று நாட்பெட்யா என்னும் தீநிரல் உலகெங்கும் பரவியபோது, மும்பையை அடுத்த ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் மெர்ஸ்க் குழுமத்தைச் சார்ந்த நிறுவனம் நடத்திய கொள்கலன் முனையத்தின் பணி முடங்கிற்று. அது பரவிய வழிகளுள் ஒன்று, எஸ்எம்பியின் முதற் பதிப்பை விண்டோஸ் கையாண்ட முறையில் இருந்த ஓட்டை. அதனை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அவ்வாண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. திருத்தத்தை ஏற்காத கணிப்பொறிகள் திறந்த வீடுகளாக நின்றன.

ஆகவே, முதற் பதிப்பை நிறுத்தி வையுங்கள். பிந்திய பதிப்புகளையே பயன்படுத்துங்கள். மூன்றாம் பதிப்பில், செல்லும் செய்தியை மறையீடு செய்யவும் வசதி உண்டு. ஒவ்வொருவர்க்கும் தனிக் கடவுச்சொல் கொடுங்கள். படித்தால் போதும் என்பவர்க்கு எழுதும் உரிமை தராதீர்கள். இதற்குரிய 445ஆம் இணைப்பு வாயிலை இணையத்தின் பக்கம் திறந்து வைக்காதீர்கள்.

எல்லாரும் ஒரே இயக்குதளத்தை வாங்கிவிட்டால் தொல்லை தீரும் என்று சிலர் கூறுவர். அது ஒருவர் கையில் எல்லாரையும் ஒப்படைப்பதாகவே முடியும். அவரவர் முறை அவரவர்க்கு இருக்கட்டும். பேசும் மொழி எவரும் கற்கக்கூடியதாக இருக்கட்டும். வாயிலில் நல்ல பூட்டும் இருக்கட்டும். இம்மூன்றும் கூடிய இடத்தில், ஒரு மாணவன் எழுதிய பாடத்தை மற்றொரு மாணவன் திறந்து படிக்க, அவன் எந்தக் கணிப்பொறியை வைத்திருக்கிறான் என்னும் கேள்வியே எழாது.