ஒரு செல்லின் புரதத்தை அளப்பது எப்படி?

பாலூட்டிகளின் செல் ஒன்றில் இருக்கும் மொத்தப் புரதத்தின் எடை ஏறத்தாழ 200 பிகோகிராம். ஒரு கிராமை லட்சம் கோடிப் பங்காக்கினால் அதில் 200 பங்கு. இதற்குள் பல ஆயிரம் வகைப் புரதங்கள் அடங்கியுள்ளன.

வழக்கமான ஆய்வுகளில் லட்சக்கணக்கான செல்களை ஒன்றாகக் கரைத்துவிடுவார்கள். கிடைப்பது சராசரிதான், அரிய செல் அதில் காணாமல் போய்விடும். புற்றுநோய்க் கட்டியிலிருந்து பிரிந்து ரத்தத்தில் அலையும் செல்கள் ஒரு மில்லிலிட்டருக்குப் பெரும்பாலும் ஒரு சிலவே. சுற்றிலும் சுமார் 500 கோடி சிவப்பணுக்கள். டி.என்.ஏ. என்றால் பி.சி.ஆர். முறையில் பெருக்கிக்கொள்ளலாம். புரதத்தைப் படியெடுக்க அப்படியொரு வழியில்லை. ஆர்.என்.ஏ.வை எண்ணிப் புரதத்தை ஊகிக்கலாமே என்றால், இரண்டின் அளவும் எப்போதும் ஒத்துப்போவதில்லை.

அதனால் செல்லின் புரதத்தையே நேரடியாக அளக்க வேண்டியிருக்கிறது. முதலில், ஒளிரும் சாயம் ஏற்றிய எதிர்ப்பொருள்களைக் கொண்டு வேண்டிய செல்கள் பிரித்தெடுக்கப்படுகின்றன. செல்லை உடைத்ததும் டிரிப்சின் என்ற நொதி புரதங்களைப் பெப்டைடு துண்டுகளாக நறுக்குகிறது. அவை மின்னேற்றம் பெற்று, மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் கருவியான நிறை நிறமாலைமானிக்குள் செல்கின்றன. பெரிய மூலக்கூறுகளைச் சிதைக்காமல் இப்படி மின்னேற்றும் முறைக்காக ஜான் ஃபென் 2002இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

கருவியின் நுட்பத்தைப் பற்றியே பலரும் பேசுகிறார்கள். ஆனால் புரதம் பெரிதும் தொலைவது அதற்கு முன்பே. கொஞ்சம் நெய்யைக் கிண்ணம் கிண்ணமாக மாற்றினால் என்ன மிஞ்சுமோ, அதுதான் இங்கும்: குழாய்ச் சுவரிலேயே புரதம் ஒட்டிக்கொள்கிறது. அமெரிக்காவின் பசிபிக் நார்த்வெஸ்ட் தேசிய ஆய்வகம் 2018இல் வெளியிட்ட ‘நானோபாட்ஸ்’ முறை இதற்கு விடை தேடியது. கண்ணாடிச் சில்லின் நுண்குழியில், 200 நானோலிட்டருக்கும் குறைந்த துளியிலேயே எல்லா வேலையும் முடிகிறது. சுமார் 10 செல்களிலிருந்து ஏறத்தாழ 1,500 புரதங்கள் அடையாளம் காணப்பட்டன.

அதே ஆண்டில் பாஸ்டனிலுள்ள நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் நிகோலாய் ஸ்லாவோவ் குழு வெளியிட்ட ‘ஸ்கோப்-எம்.எஸ்.’ முறை வேறு தந்திரம் செய்தது. ஒவ்வொரு செல்லின் பெப்டைடுகளுக்கும் தனி வேதி அடையாளம் ஒட்டி, அவற்றோடு சுமார் 200 செல்களின் பெப்டைடுகளையும் வேறோர் அடையாளத்துடன் கலந்தார்கள். அடையாளங்கள் எல்லாவற்றுக்கும் மொத்த எடை ஒன்றே. அதனால் ஒரே வகைப் பெப்டைடு எந்தச் செல்லிலிருந்து வந்தாலும் கருவிக்குள் ஒன்றாகவே நுழைகிறது. அங்கே அது உடையும்போது, பெரும்பகுதியான 200 செல்களின் துண்டுகள் ‘இது எந்தப் புரதம்’ என்று காட்டுகின்றன. பிரிந்து வரும் அடையாளங்கள் ‘எந்தச் செல்லில் எவ்வளவு’ என்று காட்டுகின்றன. இப்படித் துணையாகக் கலக்கும் செல்களை அளவுக்கு மீறிச் சேர்த்தால் தனிச் செல்களின் அளவீடு தவறிவிடும்.

அதிக எண்ணிக்கையிலுள்ள புரதங்களே இம்முறைகளில் எளிதில் சிக்குகின்றன. மரபணுக்களை இயக்கும் புரதங்கள் செல்லில் மிகக் குறைவு என்பதால் அவை இன்னும் அடிக்கடி நழுவிவிடுகின்றன.